தங்கள் பேரரசரை யாம் கடத்தவில்லை

கடல் தன் கரை மீறாதிருக்க. கரையில் வாழ்வோர் தம் சொல் மீறாதிருக்க. கயல்துறை நாட்டையும் அதன் உப்பளங்களையும் முத்துக்குளித் துறைகளையும் தந்தையார் வழிவந்த உரிமையால் ஆண்டுவரும் வாலைநங்கை நாச்சியார் யாம், பாழியூர் நாட்டு மன்னரும், மூன்று குன்றங்களுக்கு உரியவரும், எம் அம்மான் மகனாரும், வலையும் துடுப்புமன்றி வேறு படைக்கலம் இல்லாத பதினெட்டு மீனவரை ஐம்பது போர்ப்படகுகளால் வளைத்துப் பிடித்து அவ்வெற்றியின் நினைவாகக் ‘கழிவென்ற கோ’ என்று புதுப்பட்டம் புனைந்துகொண்டவருமான சேந்தன் நெடுங்கோ அவர்களுக்கு எழுதுவித்த ஓலை.

தங்கள் மலைகளில் மழை பொய்யாதிருக்க. தங்கள் யானைகளுக்கு மதமும், தங்கள் அமைச்சர்களுக்கு மதியும், அததற்குரிய பருவத்தில் வருக. தங்கள் அன்னையாரின் மூட்டுவலி தணிந்ததென்று கேட்டு மகிழ்ந்தோம். அவர் எமக்கு அனுப்பிய மலைத்தேன் வந்து சேர்ந்தது. இரு நாடுகளும் போர்க்கோலம் பூண்டிருக்கும் இந்நாளிலும் தேன்குடத்தை நிறுத்தாத அவர் திருவுள்ளத்தை வணங்குகிறோம்.

மைத்துனரே, தங்கள் ஓலை கண்டோம். தங்கள் விருந்தினரும், வால்தென்மார்க்கு நாட்டின் மெய்யான பேரரசருமாகிய காஸ்பாரை யாம் கள்ளத்தனமாய்க் கடத்திவிட்டோம் என்றும், அமாவாசைக்குள் அவரைத் திருப்பி அனுப்பாவிடில் எம் மீனவர் பதினெண்மரையும் கல்லுடைக்க அனுப்புவதாகவும் அதில் எழுதியிருந்தீர்கள். தங்கள் தூதர் அதனை உரக்கப் படித்தபோது எம் அவையில் சிலர் இருமினர். பருவமாற்றத்தால் வந்த இருமல் என்று தூதரிடம் சொல்லிவைத்தோம்.

பேரரசர் கடத்தப்படவில்லை. அவர் தம் காலால் நடந்து, தங்கள் வாயிற்காவலரின் வணக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, வெளியே வந்தார். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லுகிறோம். ஒரே மொழி பேசி, ஒரே கழியில் நீராடி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழும் நம் இரு நாடுகள், இல்லாத ஒரு சிங்காதனத்தில் எவர் உட்காருவது என்பதற்காக எவ்வாறு படகு கட்டி நின்றன என்பதை நம் பேரப்பிள்ளைகள் கேட்டால், அவர்களுக்குக் காட்ட ஓர் ஓலையாவது இருக்கட்டும்.

மூன்றாண்டுகளுக்கு முன் எம் துறையில் தண்ணீர் பிடிக்க நின்ற மேனாட்டுக் கப்பல் ஒன்று, மூவரைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிற்று. முன்னே வந்தவர் அறுபதைக் கடந்த நெடிய கிழவர், ஒட்டோகார் என்பார். அடுத்து வந்தவர் அவருடைய ஒரே மகள் மதில்தா. பின்னால் வந்தவர் பெர்ன்ஹார்ட் என்னும் முதியவர். அவர் அரசர்க்கு அணுக்கப் பணியாளராகிய கஞ்சுகி, சமையல்காரர், சலவைக்காரர், தேவைப்படும்போது சேனாதிபதி. அவர் தலையில் ஒரு பெட்டி இருந்தது. வால்தென்மார்க்கின் மணிமுடிப் பெட்டி என்று மேனாட்டு மொழி அறிந்த எம் துபாசி சவரிராயன் அறிவித்தான். திறந்து காட்டினார்கள். உள்ளே முடி இருந்த பள்ளம் இருந்தது. முடியை அந்நாட்டு மக்கள் வைத்துக்கொண்டார்களாம்.

ஐரோப்பாவில், ஆண்டில் பாதி பனி மூடிக்கிடக்கும் சிறு நாடு அது. அதனைப் பல தலைமுறை ஆண்ட அரச குலம் இவர்களுடையது. ஒரு நாள் காலை மக்கள் அரண்மனை வாயிலில் கூடி, தமக்கு இனி அரசர் வேண்டியதில்லை என்று அமைதியாகச் சொன்னார்களாம். அப்போது அரசராயிருந்தவர் ஒட்டோகாரின் தமையனார். அவரைக் கொல்லவில்லை, சிறையில் இடவில்லை. கம்பளி எடுத்துக்கொள்ளச் சொல்லி, வண்டி பிடித்துக்கொடுத்து, சாவிக்கொத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். இதைச் சொன்னபோது ஒட்டோகார் கண்ணீர் விட்டார். தலையையாவது வெட்டியிருந்தால் குலத்துக்கு ஒரு மரியாதையாக இருந்திருக்கும் என்பது அவர் துயரம்.

தமையனார் அயல்நாட்டில் இறந்தார். அவருக்கு ஒரு மகன் உண்டு. அவரே தங்கள் காஸ்பார். பின் ஏன் சிற்றப்பன் அரசுரிமை கேட்கிறார் என்று வினவினோம். காஸ்பாரின் தாய் ரொட்டி சுடுபவர் மகள் என்று ஒட்டோகார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அரச குலத்தார் அரச குலத்திலேயே கொள்ள வேண்டும், அல்லாத மணத்தில் பிறந்த பிள்ளை முடிசூட முடியாது என்பது அவர்கள் குலச்சட்டம். அதனைக் காத்துக்காத்து அக்குலத்தார் தம் வீட்டுப் பிள்ளைகளையே தமக்குக் கட்டிக்கொடுத்து வந்ததில் எல்லோருடைய மோவாயும் ஒரே பக்கமாய்க் கோணிப்போயிற்று. ரொட்டிக்காரர் பேரனாகிய காஸ்பார் ஒருவர்க்கே முகம் நேராக இருக்கிறது. அதுவே அவர் தகுதியின்மைக்குச் சான்றாம்.

காஸ்பார் தரப்பு நியாயத்தைத் தாங்களே எமக்கு எழுதியிருக்கிறீர்கள். தந்தையார் இறக்குமுன் அக்குலச்சட்டத்தை நீக்கிக் கையெழுத்திட்டாராம். அரசிழந்து நாடு கடந்தவர் சட்டத்தை நீக்க முடியாது என்பது சிற்றப்பன் வாதம். அரசே இழந்தவரென்றால் அவரிடமிருந்து சிற்றப்பன் எதைப் பெற்றார் என்பது மகன் வாதம். இரு வாதங்களும் அறிவுடையன. எம் புலவர்கள் மூன்று நாள் வாதிட்டு, இருவரும் வெல்லலாம் என்று முடிவு கூறினார்கள். வெல்ல ஒரு நாடுதான் இல்லை என்றார்கள்.

அப்படியானால் நேரான அரச மணத்தில் பிறந்த அவர் மகள் மதில்தாவே உரியவராகலாமே என்று யாம் கேட்டோம். ஒட்டோகார் எம்மைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெண்ணின் கை செங்கோல் தாங்காது, இது கடவுள் வகுத்த நியதி என்று, நாற்பதாண்டு பழகிய செங்கோல் ஒன்று எம் மடியில் கிடக்க, எமக்கு விளக்கினார்.

“நல்லவேளை, எங்களிடம் பேசும்போது கடவுள் அதைச் சொல்ல மறந்துவிட்டார்,” என்றோம்.

சவரிராயன் அதை எவ்வாறு மொழிபெயர்த்தானோ, ஒட்டோகார் பெரிதும் மகிழ்ந்து, எமக்குச் ‘சாம்பல் நாரை’ என்னும் அவர்கள் குல விருதை முதல் வகுப்பில் வழங்கினார்.

அவரை ஏன் வைத்துக்கொண்டோம் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். தங்களுக்குத் தெரியும். எம் துறைக்கு வரும் மேனாட்டு மாலுமிகள், மேனாட்டு அரசர் ஒருவர் எம் முன் தலைவணங்கி நிற்பதைக் கண்டு வாய்பிளக்கிறார்கள். அக்காட்சியில் ஓர் இனிமை உண்டு. அடுத்த ஆண்டே தாங்கள் எங்கிருந்தோ காஸ்பாரைத் தேடிப்பிடித்து, நெடுங்கழியில் மாளிகை கட்டி, அவர் கையால் அதே சாம்பல் நாரையை அதே முதல் வகுப்பில் பெற்று மார்பில் சூடிக்கொண்டபோது, தங்களுக்கும் அவ்வினிமை விளங்கிவிட்டதென்று அறிந்தோம். நாம் சிறுவராயிருந்தபோதும், எமக்கு ஒரு கிளி வாங்கினால் தாங்கள் இரண்டு கேட்டு அழுவீர்கள்.

பின் நடந்தவை தாங்கள் அறிந்தவை. கழிமுகத் தீர்த்தவாரிக்கு நாம் இருவரும் நம் நம் பேரரசருடன் எழுந்தருளினோம். சுவாமிக்கு வலப்புறம் எவர் நிற்பது என்று வழக்கு எழுந்தது. சிற்றப்பனும் தமையன் மகனும் இருபது ஆண்டாக ஒருவரோடொருவர் பேசாதவர்கள், அன்றும் பேசவில்லை. அவர்களுக்காக நம் குடைபிடிப்போர் பேசினார்கள். பிறகு கைகளால் பேசினார்கள். எம் வெண்குடையின் காம்பு முறிந்தது. தங்கள் சாமரம் ஆற்றோடு போயிற்று. சுவாமி நெடுநேரம் வெயிலில் நின்றார்.

வழக்கைத் தீர்க்க, தங்கள் அமைச்சரும் எம் அமைச்சரும் கலந்து ஒரு வழி கண்டார்கள். காஸ்பாருக்கே மதில்தாவை மணமுடித்தால் இரு உரிமையும் ஒன்றாகிவிடும், மேனாட்டு அரச குலங்களில் இது வழக்கமே என்றார்கள். பெரியப்பன் மகனுக்கும் சிற்றப்பன் மகளுக்குமா என்று எம் அவைப் பெண்டிர் காதைப் பொத்திக்கொண்டார்கள். உடன்பிறந்தாரை மணமுடித்து நாடு சேர்க்கும் அளவுக்கு நம் நாடுகள் இன்னும் நாகரிகம் அடையவில்லை என்று அதனைக் கைவிட்டோம்.

அதன்பின் தங்கள் படகுகள் கழிமுகத்தை அடைத்தன. எம் குடிகள் பதினெண்மர் வலையோடு பிடிபட்டனர். காஸ்பாரைப் பேரரசர் என்று எம் அவை ஏற்கும்வரை அவர்களுக்கு விடுதலை இல்லை என்று முரசறைந்தீர்கள். காஸ்பார் யாரென்று அவர்களில் ஒருவனும் கேள்விப்பட்டதில்லை.

மதில்தாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் கடத்தல் என்று தாங்கள் எழுதியது அவர் செய்த செயலையே. தந்தையும் கஞ்சுகியும் மாளிகைக்குள் அரசவை நடத்திக்கொண்டிருக்க, அவர் வந்த முதல் மாதத்திலேயே வெளியே இறங்கிவிட்டார். எம் துறையின் மீன்விற்கும் பெண்களுக்குத் தலைவி போன்றவள் வேலாச்சி. அவளோடு சேர்ந்து மீன் அரியவும் உப்பிட்டுக் காயவைக்கவும் கற்றார். தமிழையும் அங்கேயே கற்றார். எம் அவைப் புலவர் அவர்க்கு இலக்கணம் கற்பிக்கப் போய், தாம் இதுவரை கேட்டிராத வசைமொழிகள் சிலவற்றைக் கற்றுத் திரும்பினார். வேலாச்சியின் கணவன் தங்கள் சிறையில் இருக்கும் பதினெண்மரில் ஒருவன். அவர்களுடைய பெண்டிர் எம் வாயிலில் வந்து உட்கார்ந்தபோது, அந்த வரிசையில் மதில்தாவும் உட்கார்ந்திருந்தார்.

அந்நாட்களிலேயே ஒட்டோகாருக்குக் காய்ச்சல் கண்டது. எம் மருத்துவர் நாடி பார்த்துவிட்டு எம்மிடம் தனியே வந்து தலையசைத்தார். மதில்தா உடனே எம் அவைக்கு வந்தார். அவை நிறைந்திருந்தது. அவர் எவரையும் பார்க்கவில்லை.

“நாச்சியாரம்மா, எனக்கு ஒரு தோணி குடுங்க. அண்ணனப் போயிக் கூட்டியாரேன். அப்பாரு அவரு மொகத்தப் பாக்காமப் போயிரக் கூடாது.”

காஸ்பாரை அழைத்துவரத் தந்தையார் இசைந்தாரா என்று கேட்டோம். அவர் இசையவில்லை. அந்தப் பெயரை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார் என்று சொன்னார். கழிமுகம் தங்கள் படகுகளால் அடைபட்டிருக்கிறதே என்றோம். மீன் கொண்டுபோகும் பெண்களை அப்படகுகள் தடுப்பதில்லை, படைவீரரும் சாப்பிட வேண்டுமே என்றார். இது எம் சேனாதிபதிக்குத் தெரியாத செய்தி. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் நண்பகலில், பட்டப்பகலில், வேலாச்சியும் மதில்தாவும் கூடை சுமந்து தங்கள் நெடுங்கழித் துறையில் இறங்கினார்கள். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த செம்பட்டை முடியைக் கண்டு தங்கள் காவலன் ஐயுற்றான். பறங்கித் தெரு மீன்காரி என்று வேலாச்சி சொன்னாள். அவன் நல்லதாய் நான்கு மீன் எடுத்துக்கொண்டு வழிவிட்டான். அவனைத் தண்டிக்க வேண்டாம் என்று வேண்டுகிறோம். மீன் நல்ல மீன்தான்.

தங்கள் பேரரசர் மாளிகையின் அடுக்களைப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தாராம். முழங்கைவரை மாவு. தங்கள் சமையற்காரர்கள் சுடும் அப்பம் அவர்க்கு இறங்காததால், மாளிகைக்குள் தாமே ஓர் அடுப்புக் கட்டிக்கொண்டிருந்ததைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். மதில்தாவுக்கு எட்டு வயதிருக்கும்போது இருவரும் கடைசியாக ஒருவரையொருவர் கண்டது. சிறுவயதில் தாம் அழைத்த செல்லப்பெயரைச் சொல்லி அவர் கூப்பிட, காஸ்பார் மீன்கூடையையும் அதைச் சுமந்தவளையும் மாறிமாறிப் பார்த்தாராம். அங்கு நடந்த பேச்சை மதில்தா எமக்குத் தம் தமிழில் சொன்னபடியே எழுதுகிறோம்.

“அவரு கூப்புட்டாரான்னு கேட்டாரு. இல்ல, நாந்தேன் கூப்புடுறேன்னேன். கைய நல்லாக் கழுவிட்டு வாரேன்னாரு.”

இருபதாண்டுப் பகை அவ்வளவில் தீர்ந்தது. எம் புலவர்களின் மூன்று நாள் வாதத்தை நினைத்துக்கொண்டோம்.

கடலாடச் செல்வதாகச் சொல்லி அவர் தலைவாயிலால் வெளியேறினார். காவலர் வேல் தாழ்த்தி வணங்கினர். தோணியில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தங்கள் ஐம்பது போர்ப்படகுகளின் ஊடே அவர் எம் கரை சேர்ந்தார். கடத்தல் என்பது இதுவே.

இனி யாம் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறோம். ஒட்டோகார் படுக்கையில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். பெர்ன்ஹார்ட் முடிப்பெட்டியைக் கட்டிலருகே வைத்து, இருந்த ஒரே பொன்னிழைச் சட்டையை அணிந்து நின்றார். சாகும் அரசர் தம் வழித்தோன்றலை அறிவித்தாக வேண்டும் என்பது முறையாம். அறிவிப்பைக் கேட்கச் சான்றாக யாமும் அமைச்சரும் முன்றிலில் அமர்ந்தோம். காஸ்பார் உள்ளே போனார். சவரிராயனையும் உள்ளே கதவருகே நிறுத்தினோம்.

வெயில் தாழும்வரை உள்ளே பேச்சு நடந்தது. ஒரு முறை சிரிப்பு ஒலி கேட்டது. அது யாருடையதென்று எமக்குத் தெரியவில்லை. அக்கிழவர் சிரித்து யாம் கேட்டதில்லை. சவரிராயன் வெளியே வந்தபோது அமைச்சர் எழுத்தாணியோடு எழுந்தார். அரசுரிமை எவர்க்கு என்று கேட்டோம். உரிமையைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை என்றான் அவன். பழைய வீட்டின் பின்னால் ஒரு பேரிக்காய் மரம் உண்டாம். ஒட்டோகாரும் தமையனாரும் சிறுவராய் அதில் ஏறி விழுந்ததில் தமையனாருக்குக் கை உடைந்ததாம். ஆனால் மரத்திலிருந்து தள்ளியது ஒட்டோகார் என்று தமையனார் கடைசிவரை எவரிடமும் சொல்லவில்லையாம். தகப்பனார் தம்மிடமும் சொன்னதில்லை என்றாராம் காஸ்பார். அதைக் கேட்டுத்தான் கிழவர் சிரித்தாராம். பிறகு நெடுநேரம் காஸ்பாரின் கையை விடவில்லையாம்.

அன்று மாலையே ஒட்டோகார் இறந்தார். வழித்தோன்றல் எவரையும் அறிவிக்கவில்லை. எம் கடற்கரையில் பறங்கியர் கோயில் மண்ணில் அவரை அடக்கினோம். சவப்பெட்டியைக் காஸ்பார் தோள்கொடுத்துச் சுமந்தார். எம் மீனவப் பெண்கள் தம் வழக்கப்படி ஒப்பாரி வைத்தனர். மேனாட்டு அரசர் எவரும் இவ்வளவு நல்ல தமிழில் அழப்பட்டதில்லை என்று நினைக்கிறோம். மதில்தாவை வேலாச்சி தன் மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கணவன் சிறையில் இருக்க, அச்சிறைக்குக் காரணமான கிழவருக்காக அவளும் அழுதாள். இதில் எள்ளுவதற்கு எமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் பெர்ன்ஹார்ட் முடிப்பெட்டியைக் காஸ்பார் காலடியில் வைத்து மண்டியிட்டார். இனி எதிர்வழக்காட ஒருவரும் இல்லை. தாங்கள் விரும்பியவாறே காஸ்பார் ஐயத்துக்கு இடமில்லாத பேரரசர் ஆனார். தங்கள் வெற்றியை வாழ்த்துகிறோம். அவ்வெற்றி ஒரு முழுப் பகல் நீடித்தது.

ஏனெனில், மைத்துனரே, தங்கள் பேரரசருக்குத் தாய் உண்டு. அந்த ரொட்டிக்காரர் மகள். நாட்டைவிட்டு அரச குலத்தாரைப் போகச் சொன்ன மக்கள், உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை அம்மா, நீங்கள் இருங்கள் என்று அவரை அங்கேயே விட்டுவிட்டார்களாம். அரசர்க்கு ஏற்ற மனைவி அல்லள் என்று அரண்மனை சொன்னதையே மக்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர் இன்றும் தம் தந்தையின் அடுப்படியில், கண் மங்கிய நிலையில், ரொட்டி சுடுகிறார். அரசுரிமை கோருவோர் எல்லைக்குள் கால் வைக்கலாகாது என்பது அந்நாட்டின் புதுச்சட்டம். உரிமையைக் கைவிட்டவர் வரலாம். இருபதாண்டாகக் காஸ்பார் பேரரசராய் இருந்ததால் தாயைக் காணவில்லை. முன்பே கைவிட்டிருக்கலாமே என்று கேட்டோம். தாம் கைவிட்டால் சிற்றப்பன் சொன்னது சரியென்று ஆகிவிடும், தம் தாய் அரசர்க்குத் தகாதவர் என்று ஆகிவிடும், அதற்கு மனம் ஒப்பவில்லை என்றார். தங்கள் அவையில் பயின்ற செந்தமிழில் அதைச் சொன்னார். குரல்தான் செம்மையாய் இல்லை.

இப்போது எதிர்த்துச் சொல்வார் இல்லாமையால் கைவிடலாம் என்றார். ஆனால் வெறுமனே கைவிட்டால் தாங்கள் சினந்து பதினெண்மரையும் கல்லுடைக்க அனுப்புவீர்கள் என்றும் அஞ்சினார். தங்கள் குணத்தை நன்கு அறிந்திருக்கிறார்.

ஆகவே பேரரசர் காஸ்பார், தம் ஆட்சியின் ஒரே நாளில், எம் முன்றிலில், இரண்டு ஆணைகள் பிறப்பித்தார். பெண்ணுக்கு அரசுரிமை இல்லை என்னும் குலச்சட்டம் நீக்கப்பட்டது என்பது முதலாவது. தாம் முடிதுறந்து, தம் சிற்றப்பன் மகள் மதில்தாவுக்கு அரசுரிமை முழுவதையும் அளித்தார் என்பது இரண்டாவது. பெர்ன்ஹார்ட் இரண்டையும் எழுதி, அழுதுகொண்டே மை உலர மணல் தூவினார். பின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு திசையில் திரும்பி மண்டியிட்டார்.

மதில்தா அப்போது மீன் அரிந்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டு அரிவாள்மணையை விட்டு எழவில்லை.

“நான் ராணின்னா, நான் சொன்னா அந்தப் பாழியூர் ராசா கேப்பாராம்மா?” என்றார் எம்மைப் பார்த்து.

கேட்டாக வேண்டும் என்றோம். ஏன் என்பதைத் தங்களுக்கும் சொல்லுகிறோம். தீர்த்தவாரிக் கலகத்துக்குப் பின், எம்மை வெட்கப்படுத்தும் பொருட்டு, தாங்கள் மலைக்கோயிலில் ஒரு செப்பேடு வெட்டி நாட்டினீர்கள். காஸ்பாரும் காஸ்பாரால் அரசுரிமை அளிக்கப்பட்டோரும் விடுக்கும் வேண்டுகோள் எதுவாயினும், பாழியூர் மன்னர் தம் குலதெய்வத்தின் மேல் ஆணையாக அதை நிறைவேற்றுவார் என்பது அதன் வாசகம். தங்கள் புலவர் அதை நல்ல ஆசிரியப்பாவிலும் பாடியிருக்கிறார். அவ்வாறு அளிக்கப்பட்டவர் இப்போது மதில்தா. நாடிழந்தவர் சட்டத்தை நீக்க முடியாது என்று தாங்கள் சொல்லலாம். சொன்னால், காஸ்பாரின் தந்தை நாடிழந்தபின் நீக்கிய சட்டமும் நீங்கவில்லை என்றாகும். காஸ்பார் ஒருநாளும் அரசர் இல்லை என்றாகும். இவ்வளவு காலமும் ரொட்டி சுடத்தெரிந்த ஒருவரைத் தாங்கள் வலப்புறம் நிறுத்திக் குடைபிடித்தீர்கள் என்றாகும். யாம் அப்படிச் சொல்ல மாட்டோம். தங்கள் அவையில் எவரும் சொல்லாதிருக்கத் தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காஸ்பார் நேற்றுக் காலைக் காற்றில் கப்பலேறிவிட்டார். ஏறுமுன் தங்கள் மாளிகை அடுப்பைத் தங்கள் சமையற்காரர்களுக்கே விட்டுப்போவதாகச் சொன்னார். தாங்கள் தம்மிடம் அன்பாய் இருந்ததை மறக்கப்போவதில்லை என்றும் சொன்னார். அது மெய்யாகவே சொல்லப்பட்டது. எம் ஆதாயத்துக்காக அதைத் திரிக்காமல் எழுதுகிறோம்.

மதில்தா தங்கள் படகுகளையோ எல்லையையோ கேட்கவில்லை. அவர் வேண்டுகோள் ஒன்றே: பதினெட்டு மீனவரும் தம் வலைகளோடும் தோணிகளோடும் திரும்ப வேண்டும். தந்தை ஊரைக் காண அவர்க்கும் ஒரு நாள் ஆசை வரலாம். பேரிக்காய் மரம் இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று நேற்றுச் சொன்னார். ஆயினும் இப்போது உரிமையைத் துறக்க மாட்டேன் என்கிறார். அவர் துறந்துவிட்டால் தங்களைக் கட்டும் செப்பேடு இல்லை. ஆகவே வேலாச்சியின் கணவன் கரையேறும் நாழிகை வரை அவரே வால்தென்மார்க்கின் அரசியாக இருப்பார். அவன் கரையேறிய நாழிகையில் அவர் முடிதுறப்பார். அவர்க்குப்பின் எவரும் இல்லை.

ஆகையால் மைத்துனரே, அந்நாட்டு மக்களே வண்டி பிடித்துக்கொடுத்தும் முடிக்க முடியாத அரசை முடித்துவைக்கும் பெரும்புகழ் தங்கள் சிறைக்கதவின் தாழில் இருக்கிறது. அதைத் திறந்து, ‘கழிவென்ற கோ’ என்பதோடு ‘வால்தென்மார்க்கு முடித்த கோ’ என்றும் பட்டம் புனைந்துகொள்க. எம் அவை முதலில் வாழ்த்தும்.

இவ்வோலை கண்ட அன்றே மீனவர் பதினெண்மரையும் கழிமுகத்தில் எம் ஆட்களிடம் ஒப்புவிக்க. தடுத்து நிற்கும் படகுகளை விலக்க. தேன்குடத்துக்கு ஈடாக யாம் அனுப்பும் வஞ்சிரக் கருவாட்டைத் தங்கள் அன்னையார் பெற்றுக்கொள்க.

எழுதியவன் எம் ஓலைநாயகம். கட்டிய கயிற்றில் வலப்புறம் உள்ளது எம் சங்கு இலச்சினை. இடப்புறம் உள்ளது வால்தென்மார்க்கு அரசியின் இலச்சினை. நாரை பொறித்த முத்திரை அவர் தந்தையோடு மண்ணுக்குள் போனமையால், தம் கட்டைவிரலை அரக்கில் பதித்திருக்கிறார். அதில் மின்னுவது மீன்செதிள். அதற்கு உட்பொருள் ஏதும் இல்லை. தங்கள் புலவர்கள் தேட வேண்டாம்.